படித்து முடித்தவர்கள்

தமிழில் 'படித்தவர்' என்பது ஒரு விந்தையான சொல். வினையாலணையும் பெயருக்குச் சான்று கேட்டால் மாணவர்கள் முதலில் சொல்லும் சொற்களுள் அதுவும் ஒன்று. உறுப்பிலக்கணப்படி பிரித்தால் உள்ளே இருப்பது இறந்தகால இடைநிலை. படித்தல் என்ற செயல் என்றோ நடந்து முடிந்துவிட்டது. அதனால் வந்த மதிப்பு மட்டும் ஆள்மேல் தங்கியிருக்கிறது. 'அவர் நல்லாப் படிச்சவர்' என்று ஊரில் ஒருவரைச் சுட்டினால், அவர் இப்போது எதையாவது படிக்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை. நிகழ்காலத்தில் 'படிக்கிறவர்' என்றால் அது புத்தகப்பை சுமக்கும் பிள்ளையையோ போட்டித் தேர்வு எழுதும் இளைஞரையோ குறிக்கும். நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் படிக்கிறார் என்று கேள்விப்பட்டால் நம்மவர் கேட்கும் அடுத்த சொல், 'எதற்கு?'

கடந்த ஓராண்டாக இந்தக் கேள்வியை நான் அடிக்கடி எதிர்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் பேருந்து ஏறிச் சென்று பழந்தமிழ் எழுத்துகளை வாசிக்கும் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். தமிழ்ப் பிராமி முடிந்து வட்டெழுத்து தொடங்க இருக்கிறது. கல்லூரியில் என் அருகில் அமரும் பேராசிரியர் நல்ல நண்பர். "இதுக்கு இன்கிரிமென்ட் ஏதாவது உண்டா?" என்றார். இல்லை என்றேன். "பதவி உயர்வுக்குப் புள்ளி?" அதுவும் இல்லை. "அப்புறம் எதுக்கு சார் ஞாயித்துக்கிழமையைக் கெடுத்துக்கிறீங்க?" அவர் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே அறிந்துகொள்ள விரும்பினார். அவருக்குச் சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லாததால் இங்கே சற்று விரிவாக எழுதிப் பார்க்கிறேன்.

*

வளர்ந்த ஒருவர் கற்பதை நான் முதன்முதலில் கண்டது என் வீட்டுத் திண்ணையில். புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கிய 1991ஆம் ஆண்டில் எனக்குப் பதினொரு வயது. அம்மாவுக்கு முப்பத்தைந்து இருக்கும். பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் இல்லை. ரேஷன் கடையிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் கைநாட்டு. எங்கள் தெருவுக்கு வந்த தொண்டர், மூன்று வீடு தள்ளியிருந்த, ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த பெண். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது காலில் போட்டுக் குளிப்பாட்டியவர் என் அம்மா.

இரவு ஏழரை மணிக்கு மேல், உலை இறக்கிவிட்டு வந்து பெண்கள் உட்காருவார்கள். வகுப்பு நடக்கும்வரை அம்மா அந்தப் பெண்ணை 'டீச்சர்' என்றுதான் அழைப்பார். விளக்கை எடுத்து உள்ளே வைத்ததும் பழையபடி 'ஏ புள்ள' ஆகிவிடும். சிறுவனாகிய எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. அந்த ஒரு மணி நேர மரியாதைக்கு அம்மா எவ்வளவு கொடுத்திருப்பார் என்பது இப்போதுதான் புரிகிறது. குழந்தை கற்கும்போது இழப்பதற்கு ஒன்றும் இல்லை. தெரியாமல் இருப்பது அதன் இயல்பு. வளர்ந்தவருக்கு அப்படி அன்று. ஊரில் ஒரு நிலை உண்டு, உறவில் ஒரு மூப்பு உண்டு. அவற்றைத் திண்ணைக்கு வெளியே செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வரவேண்டும்.

அறிவொளிப் பாடமுறை அ, ஆ என்று தொடங்கவில்லை. பழகிய சொல் ஒன்றைக் காட்டி, அதைப் பற்றிப் பேசவைத்து, பிறகு அதிலிருக்கும் எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் முறை அது. வளர்ந்தவர் வெறும் பலகையாக வருவதில்லை, வாழ்க்கையோடு வருகிறார் என்ற தெளிவு அம்முறையில் இருந்தது. அதே புதுக்கோட்டையில் அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் காலத்தில் எழுத்தோடு சைக்கிளும் சேர்ந்துகொண்டது. ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி பழகினார்கள். அம்மாவுக்குச் சைக்கிள் வரவில்லை. அவருக்கு வேறொரு நோக்கம் இருந்தது.

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் ஒரு நிலப் பத்திரம் இருந்தது. தாத்தா காலத்தில் வாங்கிய முக்கால் ஏக்கர். அதைப் பற்றிப் பங்காளிகளோடு பேச்சு வரும்போதெல்லாம் பத்திரம் யாராவது ஓர் ஆணின் கைக்குப் போகும். அவர் படித்துச் சொல்வதே வேதம். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு மாலை, அம்மா அந்தப் பத்திரத்தை மடியில் வைத்து எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார். ஆவண நடையின் நீண்ட வாக்கியங்களைக் கடந்து செக்குபந்தி விவரத்துக்கு வந்ததும் வேகம் கூடியது. வடக்கே வாய்க்கால், கிழக்கே வண்டிப்பாதை, தெற்கே இன்னார் புஞ்சை. "நம்ம களையெடுக்கிற எடந்தாண்டா இது" என்றார்.

அந்த நிலத்தை இருபது ஆண்டுகளாகக் காலால் அறிந்தவர் அவர். அன்று அவருக்குப் புதிய செய்தி எதுவும் கிடைக்கவில்லை. முன்பே அறிந்த ஒன்றைப் பிறர் தயவின்றி, தாமே, எழுத்தில் சந்தித்தார். அதன் பிறகு பங்காளிப் பேச்சுகளில் பத்திரம் அம்மாவின் கையை விட்டு நகரவில்லை.

*

கல்வியைப் பற்றித் தமிழ் இலக்கண நூல்கள் சொல்வனவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது நன்னூலின் பொதுப்பாயிரத்தில் வரும் ஒரு கணக்கு. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது புலமையில் கால் பங்கு. உடன் பயில்வாரோடு கலந்து பழகுவதால் இன்னொரு கால் பங்கு. எஞ்சிய அரைப் பங்கு, கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் நிரம்பும். பவணந்தியார் ஆசிரியத் தொழிலுக்குக் கொடுத்த இப்பெருமையை ஆசிரியர்களாகிய நாங்கள் மேடைதோறும் சொல்லிக்கொள்வோம்.

அந்தக் கணக்கை மறுபக்கமிருந்தும் பார்க்கலாம். வேலையில் சேர்ந்தபின் ஓர் ஆசிரியருக்கு இருப்பது அந்த இறுதி அரைப் பங்கு மட்டுமே. நாள்தோறும் ஐந்து மணி நேரம் எடுத்துரைக்கிறார். கேட்பது நின்றுவிடுகிறது, சேர்ந்து பயில்வதும் நின்றுவிடுகிறது. முதல் இரண்டு கால்களும் வற்றியபின், எடுத்துரைப்பது இருப்பதையே மீண்டும் மீண்டும் இறைப்பதாகிவிடும். எங்கள் துறையில் இதற்குப் புற அடையாளம் பழுப்பேறிய குறிப்பேடு. பல்கலைக்கழகங்கள் நடத்தும் புத்தொளிப் பயிற்சிகள் இதற்கு மருந்தாக ஏற்பட்டவை. அவற்றில் நல்ல உரைகளையும் கேட்டிருக்கிறேன். ஆனால் பலருக்கும் நோக்கம் இறுதி நாளில் கிடைக்கும் சான்றிதழே. வருகைப்பதிவு தப்பாத வகுப்பில் வினா எழுவது அரிது.

உ. வே. சாமிநாதையரின் வாழ்க்கையில் இந்தப் பகுதியை நான் மாணவர்களுக்கு அழுத்திச் சொல்வதுண்டு. 1880ஆம் ஆண்டு பிப்ரவரியில் கும்பகோணம் கல்லூரியில் அவர் தமிழாசிரியராகச் சேர்ந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்றவர். அக்காலக் கணக்கில் அவர் 'படித்து முடித்தவர்'. எட்டு மாதம் கழித்து, அக்டோபரில், முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். படித்த அந்தாதிகளையும் கோவைகளையும் பிள்ளைத்தமிழ்களையும் ஐயர் அடுக்கிச் சொல்ல, முதலியார் அசையவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் உண்டா என்று கேட்டார். இந்தச் சந்திப்பைத் தமிழ் படித்த எல்லோரும் அறிவர். பழந்தமிழ் நூல்கள் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்த வரலாற்றின் தொடக்கமாக அதைச் சொல்கிறோம். நான் கவனிப்பது அடுத்து நடந்ததை.

சீவக சிந்தாமணியைத் திறந்தபோது தமிழ் இலக்கணமும் நிகண்டும் துணைக்கு வந்தன, சமணம் வரவில்லை. நூலின் உயிர் அதில் இருந்தது. சைவ மரபில் ஊறிய, அரசுக் கல்லூரி ஆசிரியராகிய ஐயர், கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களின் வீடு தேடிப் போனார். சந்திரநாத செட்டியார் முதலியோரிடம் ஐயம் கேட்டார். தாம் ஏட்டில் முட்டி நின்ற காவியத்தை அவர்கள் வீட்டில் மாதக்கணக்கில் முறையாக வாசித்து, நிறைவு நாளைப் பண்டிகையாகக் கொண்டாடுவதைக் கண்டார். கல்லூரியில் பாடம் சொல்லி முடித்த மாலையில் அவர் மாணவராக இருந்தார். சிந்தாமணிப் பதிப்பு 1887இல் வெளிவந்தபோது அவருக்கு முப்பத்திரண்டு வயது.

மணிமேகலைக்குச் சிக்கல் இன்னும் பெரிது. பௌத்தத்தைக் கேட்டறியத் தமிழ்நாட்டில் பௌத்தர் இல்லை. உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியர் ஆங்கில நூல்களைப் படித்து விளக்க, ஐயர் கேட்டுத் தெளிந்தார். நன்னூல் சொல்லும் முதற்காலும் இரண்டாங்காலும் அங்கே மீண்டும் ஊறின. 1898இல் மணிமேகலை வந்தபோது அவர் நாற்பத்து மூன்று வயதினர். ஏறக்குறைய என் வயது. குறுந்தொகையைப் பதிப்பித்தது 1937இல், அப்போது எண்பத்திரண்டு.

*

என் வகுப்புக்கு வருகிறேன். அங்கே என்னோடு பயில்பவர்களில் ஒரு வங்கி ஊழியரும், கட்டடப் பொறியாளர் ஒருவரும், இளங்கலை முதலாண்டு மாணவியர் இருவரும் உண்டு. கற்பிப்பவர் தொல்லியல் ஆய்வு மாணவர். என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர். நான் தமிழாசிரியர் என்பதால் 'ஐயா' என்கிறார். நான் அவரை 'சார்' என்கிறேன். முதல் மாதத்தில் அவர் அதிகமாகச் சொன்ன வாக்கியம், "ஐயா, அது 'ந' இல்லீங்க, 'ன'" என்பது. வடபுலப் பிராமியில் இல்லாத ழ, ள, ற, ன ஆகியவற்றுக்குத் தமிழ் வழக்கில் தனிக் குறிகள் உண்டாயின. நகரக் குறியோடு சிறு கொக்கி ஒன்று சேர்ந்தால் னகரம். மைப்படியில் பாறையின் கீறலும் அந்தக் கொக்கியும் ஒன்றாகவே தெரிகின்றன, அதிலும் நாற்பதைக் கடந்த கண்ணுக்கு. மாணவியர் ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டதை எனக்கு மனத்தில் நிறுத்த ஒரு மாதம் ஆயிற்று. நினைவாற்றலில் வயது பிடித்தம் செய்யும், அதை மறைப்பதற்கில்லை.

ஆனால் வயது கொடுப்பதும் ஒன்று உண்டு. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தை நான் பல ஆண்டுகளாக நடத்துகிறேன். மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது அதில் ஒரு விதி; எகர ஒகரக் குறில்களும் அவ்வாறே புள்ளி பெறும் என்பது அடுத்தது. விதியைச் சொல்லி, உரையைச் சொல்லி, பிற்காலத்தில் ஏற்பட்ட எழுத்துச் சீர்திருத்தத்தைச் சொல்லி நகர்வோம். புள்ளிக்கு எதற்காக ஒரு விதி என்று வகுப்பில் யாரும் கேட்பதில்லை. புள்ளி இருப்பது காற்று இருப்பது போல.

மாங்குளம் மலையின் கல்வெட்டுகளை வாசிக்கத் தொடங்கியபோது அந்தக் காற்று இல்லாமற்போயிற்று. தமிழ்ப் பிராமியின் மிகப் பழைய முறையில் புள்ளி இல்லை. எந்தக் குறியும் சேராத எழுத்து வெறும் மெய். அதன்மேல் ஒரு பக்கக்கோடு இட்டால் அது அகரம் ஏறியதாகவும் இருக்கலாம், ஆகாரம் ஏறியதாகவும் இருக்கலாம். 'ம' என்பதும் 'மா' என்பதும் ஒரே வடிவம். அடுத்து வந்த முறையில் கோடு ஆகாரத்துக்கு மட்டும் உரியதாயிற்று. இப்போது வெறும் எழுத்து 'ம்' ஆகவும் 'ம' ஆகவும் நின்று குழப்பியது. ஓரிடத்தில் தீர்த்த ஐயம் இன்னோரிடத்தில் முளைத்தது. பிற்காலத்திய கல்வெட்டுகள் சிலவற்றில்தான் புள்ளி தலைகாட்டுகிறது. ஒரு சிறு புள்ளியால் முழுச் சிக்கலும் தீர்கிறது.

அன்று மாலை திரும்பும் பேருந்தில் எனக்குத் தொல்காப்பிய நூற்பாக்கள் வேறாக ஒலித்தன. அவை எழுத்தின் உடம்பை வருணிக்கும் வெறும் குறிப்புகளாகத் தோன்றவில்லை. எழுதத் தெரிந்த ஒரு சமூகம் தலைமுறைகளாகத் தடுமாறிக் கண்டடைந்த தீர்வின் பதிவாகத் தோன்றின. இருபது வயதில் அந்த விடையை நான் படித்துத் தேர்வில் எழுதியிருந்தேன். அதற்குரிய வினா நாற்பத்து நான்காம் வயதில் கிடைத்தது. என்னருகே அமர்ந்த மாணவியர் என்னைவிட வேகமாக எழுத்துகளை அடையாளம் கண்டனர். ஆனால் புள்ளியைக் கண்டபோது அவர்களுக்கு அது இன்னோர் எழுத்துக்குறி. எனக்கு, அம்மாவுக்கு அந்த வடக்கே வாய்க்கால்.

வளர்ந்தபின் கற்பதன் பயன் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இளமையில் கற்பவை பெரும்பாலும் வாழ்க்கைக்கு முன்னால் வந்து சேரும் விடைகள். வினா எழும் வயதில் கற்பதை நிறுத்திவிட்டால் அந்த விடைகள் விடைகளென்றே தெரியாமல் நம்மிடம் கிடந்து மங்கிப்போகும்.

*

அந்த மாங்குளம் கல்வெட்டுகளை ராபர்ட் சீவல் 1882இலேயே கண்டறிந்தார். இத்தகைய குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் எடுத்துக்காட்டினார். அவற்றில் பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயரை 1965இல் வாசித்தவர் ஐராவதம் மகாதேவன். அவர் தொழில்முறைக் கல்வெட்டறிஞர் அல்லர். அறிவியலும் சட்டமும் படித்து, இந்திய ஆட்சிப் பணியில் இருந்தவர். முப்பது வயதைக் கடந்தபின் இத்துறைக்குள் வந்தார். அவருடைய முதல் தொகுப்பு 1966இல் வெளியாயிற்று. அத்தோடு நிறுத்தியிருந்தாலும் பெயர் நிலைத்திருக்கும். 1990களில், அறுபது வயதைத் தாண்டியபின், மீண்டும் அந்தக் குன்றுகளில் ஏறி ஒவ்வொரு கல்வெட்டையும் நேரில் பார்த்துத் தம் பழைய வாசிப்புகளைச் சரிபார்த்தார். தொடக்ககாலத் தமிழ்க் கல்வெட்டியல் பற்றிய அவருடைய பெருநூல் 2003இல் வந்தது. முதல் தொகுப்புக்கும் இதற்கும் இடையே முப்பத்தேழு ஆண்டுகள். 2018இல் மறையும்வரை அவர் நிகழ்காலத்தில் படிப்பவராகவே இருந்தார்.

உ.வே.சா., மகாதேவன் என்று பெரியோரை அடுக்கினால் நம் போன்றோர்க்கு ஒரு தப்பிக்கும் வழி கிடைத்துவிடும். அவர்கள் மேதைகள், நமக்கு எங்கே என்று நகர்ந்துவிடலாம். நான் கல்வெட்டறிஞன் ஆகப்போவதில்லை. எதையும் புதிதாகக் கண்டுபிடிப்பேன் என்ற எண்ணமும் இல்லை. அம்மாவும் அறிவொளியில் கற்று நூலாசிரியர் ஆகிவிடவில்லை. ஆயினும் இவர்கள் எல்லோரிடமும் பொதுவாக ஒன்று இருந்தது: தமக்குத் தெரிந்த இடத்திலிருந்து எழுந்து, தெரியாத இடத்தில் போய் உட்கார்ந்தார்கள்.

சங்கப் பாடல்களுள் கல்வியைப் பாடும் புறநானூற்று 183ஆம் பாட்டைப் பாடியவர் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன். ஆசிரியனுக்கு உதவியும் பொருள் கொடுத்தும் கற்கவேண்டும் என்பதோடு அவர் நிற்கவில்லை. ஆசிரியன் பின்னே நிற்கும் நிலையை வெறுக்காமல் கற்கவேண்டும் என்கிறார். கீழ் வகுப்பில் ஒருவன் கற்றால் மேல் வகுப்பினனும் அவனிடம் போகவேண்டும் என்றும் முடிக்கிறார். படை நடத்திய அரசன் சொன்னதால் இதற்குத் தனி எடை உண்டு. எல்லோரும் தன் பின்னே நிற்க வாழ்ந்தவனுக்குத்தான், பின்னே நிற்பதன் கசப்பு எவ்வளவு என்று தெரியும். வள்ளுவரும் கல்வி அதிகாரத்தில் இதைத் தொடுகிறார். செல்வர்முன் வறியவர் நிற்பதுபோல் ஏங்கி நின்று கற்றவர் உயர்வர். நாணி நின்றுவிட்டவர் கடையர். அதே அதிகாரத்தில், சாகும்வரை ஒருவன் கல்லாமல் இருப்பது எதனால் என்றும் வியக்கிறார். கல்விக்கு அவர் போட்ட எல்லைக்கோடு பட்டமளிப்பு விழா இல்லை.

இந்தப் பின்னிற்றல் ஆசிரியருக்கு இன்னொரு வகையிலும் தேவைப்படுகிறது. தெரியாமல் விழிப்பது எப்படி இருக்கும் என்பதை நெடுநாள் கற்பித்தவர் மறந்துவிடுவார். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்து, அளபெடை என்றால் என்ன என்று கேட்கத் தயங்கிக் கடைசி இருக்கையில் தலைகுனிந்திருக்கும் மாணவனின் நெஞ்சப் படபடப்பு, ஞாயிறு காலையில் "ஐயா, நீங்க வாசிங்க" என்ற குரல் கேட்கும்போது எனக்கு வந்து போகிறது. திங்கட்கிழமை வகுப்பில் என் குரல் சற்றுத் தணிந்திருப்பதாக மாணவர் ஒருவர் சொன்னார். என் நண்பர் கேட்ட இன்கிரிமென்ட் அதுதான் என்று சொல்லிவைக்கலாம்.

இவ்வாண்டு பொங்கல் விடுமுறையில் அம்மாவைச் சித்தன்னவாசலுக்கு அழைத்துப் போனேன். அவருக்கு இப்போது எழுபது நெருங்குகிறது. ஏழடிப்பட்டத்துக்கு ஏற முழங்கால் இடம் கொடுக்கவில்லை. கீழே நிழலில் உட்கார்ந்துகொண்டார். நான் மட்டும் மேலே போய், கற்படுக்கையின் அருகில் இருந்த கல்வெட்டை எழுத்துக்கூட்டி வாசித்தேன். எருமி நாட்டில் பிறந்து வந்த ஒருவருக்கு இங்கிருந்த ஒருவர் செய்து கொடுத்த இருக்கை என்பது செய்தி. இரண்டாயிரம் ஆண்டுப் பழைமை. அரை மணி நேரம் ஆயிற்று. இரண்டு இடங்களில் அச்சிட்ட பாடத்தோடு ஒப்பிடவேண்டியிருந்தது.

இறங்கி வந்ததும் அம்மா கேட்டார்: "என்னடா எழுதியிருக்கு?"

"யாரு யாருக்கு உக்கார எடம் செஞ்சு குடுத்தாங்கன்னு எழுதியிருக்கு."

"நீயே படிச்சியா, யாராச்சும் சொன்னாங்களா?"

"நானே படிச்சேன்" என்றேன். அம்மா தலையசைத்தார். வட்டெழுத்து வகுப்பு அடுத்த மாதம் தொடங்குகிறது.